மீன் பிடிக்க இரண்டு உடம்புகள்

கண்டியில் கடல் இல்லை. சுற்றிலும் மலைகள், நடுவே ஒரு வாவி, நகரின் ஓரமாக வளைந்து ஓடும் மகாவலி கங்கை. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் கொழும்புக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல் போக வேண்டும். ஆனாலும் பிள்ளைகளே, இன்று உங்களுக்கு ஒரு கடல் விலங்கைப் பற்றிச் சொல்லப் போகிறேன். கூடவே, நீங்கள் பாடசாலைக்குப் போகும் வழியில் பார்க்கும் ஒரு பறவையைப் பற்றியும் சொல்வேன்.

2019ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் இலங்கையின் தென்மேற்குக் கரையோரத்துக்கு ஒரு விருந்தாளி வந்தது. உருண்டு திரண்ட உடம்பு, பெரிய கறுப்புக் கண்கள், காது மடல் இல்லாத தலை. அது ஒரு சீல். சீல்களிலேயே மிகப் பெரிய இனமான தெற்கத்திய யானைச் சீல். இந்த இனம் வாழ்வது தென்துருவத்தைச் சுற்றியுள்ள குளிர்ந்த கடலில். அது கூட்டமாகக் குட்டி போடும் கெர்கெலன் தீவுகள் இலங்கையிலிருந்து தெற்கே 6000 கிலோமீற்றருக்கும் அப்பால் இருக்கின்றன. நம் நாட்டுக் கரையில் இதைக் காண்பது அபூர்வத்திலும் அபூர்வம்.

சீலைப் பார்க்க எல்லோருக்கும் ஆசை வரும். கண்டி வாவிக் கரையில் நிற்கும் கொக்கைப் பார்க்க யாரும் நிற்பதில்லை. தலதா மாளிகைப் பக்கம் நடப்பவர்கள், மரத்திலிருந்து பறவை எச்சம் தலையில் விழுமோ என்று குடையை விரித்துக்கொண்டு வேகமாகப் போய்விடுகிறார்கள். எனக்கு இது பெரிய குறை. சீலின் உடம்பில் எத்தனை அதிசயம் உண்டோ அத்தனை அதிசயம் இந்தக் கொக்கின் உடம்பிலும் உண்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அது புரியும்.

முதலில் எந்தக் கொக்கு என்று சொல்லிவிடுகிறேன். கண்டியைச் சுற்றி வெள்ளை நிறக் கொக்குகள் பல வகை உண்டு. மாடு மேயும் இடத்தில் மாட்டின் காலோடு காலாக நடப்பது உண்ணிக்கொக்கு. அதன் அலகு மஞ்சள். நான் சொல்வது சின்னக் கொக்கு. அலகு கறுப்பு, காலும் கறுப்பு. ஆனால் பாதம் மட்டும் பளிச்சென்ற மஞ்சள்! சேற்றில் நிற்கும்போது அது தெரியாது. காலைத் தூக்கும்போதும் பறந்து எழும்போதும் பாருங்கள். வாவிக் கரையிலும், பேராதனைப் பக்கம் மகாவலியின் பாறைகளிலும், குண்டசாலை, கம்பளைப் பகுதி வயல்களிலும் இதைக் காணலாம்.

இதன் எடை அரைக் கிலோ அளவுதான். வளர்ந்த ஆண் யானைச் சீல் 3000 கிலோவைத் தாண்டும். மிகப் பெரியவை 4000 கிலோவை எட்டும். கணக்குப் போடுங்கள்: 3000 கிலோ சீல் ஒன்றுக்கு எடை நிகராக நிறுத்த 6000 கொக்குகள் வேண்டும். இவ்வளவு வேறுபட்ட இரண்டையும் ஏன் ஒப்பிட வேண்டும்? இரண்டுக்கும் இருக்கும் சிக்கல் ஒன்றேதான் என்பதால். சாப்பாடு தண்ணீருக்குள் இருக்கிறது. மூச்சு விடும் காற்று தண்ணீருக்கு வெளியே இருக்கிறது. போதாததற்கு, தண்ணீர் நம் உடம்பின் சூட்டைக் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உறிஞ்சிவிடும். உள்ளே போனால் மூச்சு முட்டும், குளிரும். வெளியே நின்றால் மீன் கிடைக்காது. என்ன செய்வது?

சீல் உள்ளே போகிறது. கொக்கு வெளியே நின்று கழுத்தை மட்டும் அனுப்புகிறது. மற்ற வேறுபாடுகள் பெரும்பாலும் இந்த ஒரு முடிவிலிருந்தே பிறக்கின்றன.

உள்ளே போகிறவரைப் பார்ப்போம். யானைச் சீல் வழக்கமாக 400 முதல் 600 மீற்றர் ஆழம் வரை இறங்கும். 20, 30 நிமிடம் மூச்சை அடக்கும். பிறகு மேலே வந்து இரண்டு மூன்று நிமிடம் மூச்சு வாங்கிவிட்டு மறுபடி இறங்கிவிடும். கடலில் இருக்கும் மாதங்கள் முழுவதும், இரவும் பகலும், இதுதான் அதன் வேலை. 2000 மீற்றருக்கும் ஆழமாக இறங்கிய சீல்களைக் கருவி பொருத்தி அளந்திருக்கிறார்கள். 2000 மீற்றர் என்றால் எவ்வளவு? கண்டி நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நாட்டின் மிக உயர்ந்த சிகரமான பிதுருதலாகல 2524 மீற்றர். கண்டியிலிருந்து அந்தச் சிகரத்தின் உச்சியை எட்ட எவ்வளவு உயரம் ஏற வேண்டுமோ, ஏறத்தாழ அவ்வளவு ஆழம். ஒரே மூச்சில்!

நீங்கள் நீச்சல் தடாகத்தில் முங்கும் முன் என்ன செய்வீர்கள்? நெஞ்சு நிறையக் காற்றை இழுத்துக்கொள்வீர்கள். சீல் இதற்கு நேர்மாறு. முங்கும் முன் மூச்சை வெளியே விடுகிறது. ஆழத்தில் நீரின் அழுத்தம் அதன் நுரையீரலைச் சுருக்கிவிடும். அதனால் கெடுதல் இல்லை, நன்மைதான். நுரையீரலில் நிறையக் காற்று இருந்தால், அழுத்தத்தில் அதிலுள்ள நைதரசன் இரத்தத்தில் கரைந்துவிடும். வேகமாக மேலே வரும்போது அது குமிழாக வெளிப்பட்டு உயிருக்கே ஆபத்தாகும். ஆழ்கடலில் முங்கும் மனிதர்களுக்கு இந்த ஆபத்து உண்டு.

காற்று நுரையீரலில் இல்லையென்றால் ஒட்சிசன் எங்கே இருக்கிறது? இரத்தத்திலும் தசையிலும். உங்கள் எடையில் 7, 8 சதவீதம்தான் இரத்தம். யானைச் சீலின் எடையில் ஏறக்குறைய 20 சதவீதம் இரத்தம். தசைகளிலும் மயோகுளோபின் என்ற சிவப்புப் பொருள் ஏராளம். அதுவும் ஒட்சிசனைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சீலின் இறைச்சி ஏறத்தாழக் கறுப்பாகத் தெரிவது இதனால்தான். முங்கியதும் இதயத் துடிப்பு மிக மெதுவாகிவிடும். மூளை போன்ற முக்கியமான உறுப்புகளுக்கே இரத்தம் முதலில் போகும். மற்ற இடங்கள் சிக்கனமாகச் செலவு செய்து காத்திருக்கும்.

இவ்வளவு ஆழத்தில் வெளிச்சம் ஏது? சில நூறு மீற்றருக்குக் கீழே பட்டப்பகலிலும் இருட்டுத்தான். ஆனால் அங்கே வாழும் சில மீன்களுக்கும் கணவாய்களுக்கும் உடம்பில் ஒளிரும் புள்ளிகள் இருக்கின்றன. அந்த ஒளி பெரும்பாலும் நீலம். யானைச் சீலின் பெரிய கண், குறிப்பாக அந்த நீல ஒளியை நன்றாக உணரக்கூடியது. மேலே வெயிலில் இருக்கும்போது அதன் கண்மணி ஒரு சின்னத் துளையாகச் சுருங்கும். ஆழத்தில் அகல விரியும். அதோடு மீசை முடிகளும் உதவுகின்றன. நீந்திப்போன மீன் கலக்கிவிட்ட நீரின் அசைவைச் சீல்கள் மீசையால் உணர்கின்றன.

இனி வாவிக் கரைக்கு வாருங்கள். கொக்கு ஒரு சாணுக்கும் குறைந்த தண்ணீரில் நிற்கிறது. அதன் தலை காற்றில் இருக்கிறது. மூச்சுப் பிரச்சினை கிடையாது. ஆனால் கொக்குக்கு வேறொரு தொல்லை. அது காற்றிலிருந்து தண்ணீருக்குள் பார்க்க வேண்டும். தண்ணீர் பார்ப்பவரை ஏமாற்றும்.

எப்படி ஏமாற்றும் என்பதை நீங்களே வீட்டில் செய்து பாருங்கள். ஒளி ஊடுருவாத ஒரு கிண்ணத்தின் அடியில் ஒரு நாணயத்தை வையுங்கள். நாணயத்தைப் பார்த்தபடியே மெதுவாகப் பின்னால் நகருங்கள். கிண்ணத்தின் விளிம்பு மறைத்து, நாணயம் கண்ணுக்குத் தெரியாமல் போகும் இடத்தில் நின்றுவிடுங்கள். தலையை அசைக்க வேண்டாம். இப்போது அக்காவையோ தம்பியையோ கிண்ணத்தில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். நாணயம் மறுபடி தெரியும்! நாணயம் நகரவில்லை, நீங்களும் நகரவில்லை. நாணயத்திலிருந்து வரும் ஒளி, தண்ணீரை விட்டு வெளியே வரும்போது வளைகிறது. அந்த வளைவால் நாணயம் இருப்பதைவிட உயரத்தில் இருப்பதாக உங்களுக்குத் தோன்றுகிறது.

வாவியில் இருக்கும் மீனும் அப்படித்தான். கொக்குக்குத் தெரியும் இடத்தில் மீன் இல்லை. அதற்குக் கீழே இருக்கிறது. தெரியும் இடத்தைக் குறிவைத்துக் கொத்தினால் அலகில் தண்ணீர்தான் அகப்படும். ஆனால் கொக்கு பட்டினி கிடப்பதில்லையே! விஞ்ஞானிகள் இதே சின்னக் கொக்குகளை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். தண்ணீர் காட்டும் பொய்யைக் கணக்கில் எடுத்துக்கொண்டு அவை குறியைத் திருத்திக் கொத்துகின்றன என்று கண்டார்கள். ஒளி முறிவு என்று உங்கள் விஞ்ஞானப் புத்தகத்தில் பெரிய வகுப்பில் வரும் பாடத்தை, கொக்கு ஒவ்வொரு நாளும் சாப்பாட்டுக்காகச் செய்கிறது.

கொத்தும் வேகத்துக்குக் காரணம் அதன் கழுத்து. மனிதருக்கும், சீலுக்கும், ஒட்டகச்சிவிங்கிக்கும்கூடக் கழுத்தில் ஏழு எலும்புகள்தான். கொக்குக்கு அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். அதில் ஆறாவது எலும்பு தனி வடிவம் கொண்டது. கழுத்தை வளைத்து மடித்து வைக்க அதுவே இடம் கொடுக்கிறது. மடித்திருக்கும் கழுத்து ஒரு நொடிக்குள் நிமிர்ந்து மீனைப் பிடிக்கும்.

மஞ்சள் பாதத்துக்கும் வேலை உண்டு. சின்னக் கொக்கு சில நேரம் ஒரு காலை முன்னே நீட்டி, பாதத்தைச் சேற்றில் நடுநடுங்க ஆட்டும். ஒளிந்திருக்கும் சிறு மீனும் இறாலும் பயந்து வெளியே பாயும். அடுத்த கணம் அலகு இறங்கிவிடும். வயலோரம் பொறுமையாக நின்றால் இந்தக் காலாட்டத்தை நீங்களே பார்க்கலாம். நான் பார்த்த பறவைச் செயல்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

கால் என்றதும் இன்னொன்று. கொக்கின் காலில் நடுவே ஒரு மூட்டு பின்பக்கமாக மடிவதைப் பார்த்திருப்பீர்கள். முழங்கால் பின்னால் மடிகிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது முழங்கால் அல்ல, கணுக்கால். உண்மையான முழங்கால் மேலே, இறகுகளுக்குள் மறைந்திருக்கிறது. அது நம்முடையதைப் போலவே முன்பக்கம் மடிகிறது. அப்படியானால் கொக்கு எப்போதும் குதிகாலை உயரத் தூக்கிக்கொண்டு விரல்களால்தான் நடக்கிறது. சீலின் கணுக்கால் எங்கே? உடம்பின் கடைசியில், வாலுக்குப் பக்கத்தில். அதன் பின்னங்கால்கள் பின்னோக்கி நீண்டு துடுப்பாகிவிட்டன. நிலத்தில் ஊன்ற முன்பக்கம் திரும்பா. அதனால்தான் கரையில் யானைச் சீல் வயிற்றை இழுத்து இழுத்து நகர்கிறது. முன்துடுப்புக்குள் ஐந்து விரல் எலும்புகள் இருக்கின்றன. கொக்கின் சிறகுக்குள்ளும் மேற்கை எலும்பு, முன்கை எலும்புகள், விரல் எலும்புகள் எல்லாம் உண்டு. விரல்கள் மட்டும் குறைந்து ஒட்டிக்கொண்டன. உங்கள் கையைத் தடவிப் பாருங்கள். அதே எலும்புகள், அதே வரிசை.

இந்த உடம்புகள் ஒரே நாளில் இப்படி ஆகவில்லை. சீலின் முன்னோர் நிலத்தில் நான்கு காலில் நடந்த ஊனுண்ணிகள். நாய், கரடி, நீர்நாய் ஆகியவற்றின் சொந்தக்காரர்கள். கனடாவின் வடகோடியில் 2007ஆம் ஆண்டு ஒரு பழைய எலும்புக்கூடு கிடைத்தது. துடுப்புகள் இல்லை, நான்கு கால்கள், நீண்ட வால். ஆனால் அது சீல் குடும்பத்தின் பழைய உறவு. புய்ஜிலா என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அது வாழ்ந்தது 2 கோடி ஆண்டுகளுக்கும் முன். பார்ப்பதற்கு நம் மலைநாட்டு ஓடைகளில் வாழும் நீர்நாயை ஒத்திருந்திருக்கும்.

குளிருக்கு வருவோம். யானைச் சீலின் தோலுக்கடியில் தடித்த கொழுப்பு அடுக்கு உண்டு. உடம்பு பெரிதாக இருப்பதும் சூட்டைக் காப்பாற்ற உதவுகிறது. கொக்கின் உடம்பைக் காப்பது இறகு. ஆனால் கொக்கின் மெல்லிய கால்களில் கொழுப்பும் இல்லை, இறகும் இல்லை. சீலின் துடுப்புகளிலும் கொழுப்பு குறைவு. அந்த வழியாகச் சூடெல்லாம் தண்ணீரில் கரைந்து போக வேண்டுமே!

இங்கேதான் இரண்டும் ஒரே விடையைக் கண்டுபிடித்திருக்கின்றன. உடம்பிலிருந்து காலுக்குப் போகும் இரத்தம் சூடானது. காலிலிருந்து திரும்பும் இரத்தம் குளிர்ந்தது. இரண்டு குழாய்களும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு எதிரெதிர்த் திசையில் போகின்றன. போகிற வழியிலேயே சூடான இரத்தம் தன் சூட்டைத் திரும்பி வரும் குளிர்ந்த இரத்தத்துக்குக் கொடுத்துவிடுகிறது. பாதத்துக்குப் போய்ச் சேரும்போது இரத்தம் ஏற்கெனவே குளிர்ந்திருக்கும். தண்ணீர் திருட அதில் சூடு மிச்சமில்லை. உடம்புக்குத் திரும்பும் இரத்தமோ சூடாகிவிட்டிருக்கும். நீரில் நின்று இரை தேடும் பறவைகளின் காலிலும் சீலின் துடுப்பிலும் இந்த ஏற்பாடு இருக்கிறது. இரண்டு குடும்பங்களும் தனித்தனியே இதைப் பெற்றன. ஒரே சிக்கலுக்கு இயற்கை இரண்டு முறை ஒரே வழியில் போயிருக்கிறது. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

வெயிலில் என்ன செய்யும் என்று கேட்பீர்கள். யானைச் சீல் துடுப்பால் ஈர மணலை வாரி முதுகில் போட்டுக்கொள்ளும். கொக்கு வாயைத் திறந்து தொண்டைத் தோலை வேகமாகத் துடிக்கவிட்டுச் சூட்டை வெளியேற்றும்.

பிள்ளை வளர்ப்பிலும் ஒரு வேடிக்கை உண்டு. சின்னக் கொக்கு முட்டைகளை ஏறக்குறைய மூன்று வாரம் அடைகாக்கும். தாயும் தகப்பனும் மாறி மாறி. யானைச் சீல் தாய் தன் ஒற்றைக் குட்டிக்கு ஏறக்குறைய மூன்று வாரம் பால் கொடுக்கும். அந்த நாட்களில் அவள் எதுவும் சாப்பிடுவதில்லை. தன் கொழுப்பையே கொழுத்த பாலாக மாற்றிக் கொடுக்கிறாள். பிறக்கும்போது 40 கிலோ அளவில் இருந்த குட்டி அதற்குள் 120 கிலோவைத் தொடும். பிறகு தாய் கடலுக்குப் போய்விடுவாள். குட்டி அந்தக் கொழுப்பை வைத்துக்கொண்டு தனியாக நீந்தப் பழக வேண்டும். கொக்குக் குஞ்சுகளுக்கோ, பொரித்த பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் கூட்டுக்குச் சாப்பாடு வந்துகொண்டிருக்கும்.

மனிதர்கள் இந்த இரண்டுக்கும் செய்தது நல்லதல்ல. இனப்பெருக்கக் காலத்தில் கொக்கின் முதுகில் மெல்லிய அழகான இறகுகள் முளைக்கும். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பெண்களின் தொப்பிகளில் செருகுவதற்காக, கூட்டில் குஞ்சுகள் இருக்கும்போதே கொக்குகளைக் கொன்றார்கள். இதை எதிர்த்துத்தான் 1889ஆம் ஆண்டு இங்கிலாந்தில் சில பெண்கள் பறவைப் பாதுகாப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். அது இன்றும் இயங்குகிறது. யானைச் சீல்களை எண்ணெய்க்காகக் கொன்றார்கள். தென் ஜோர்ஜியாத் தீவில் அந்த வேட்டை 1964ஆம் ஆண்டு வரை நடந்தது. வேட்டை நின்றதும் இரண்டும் மீண்டு வந்தன.

இப்போது புதிய கவலை. 2023ஆம் ஆண்டு ஆர்ஜென்டினாவின் வால்டெஸ் தீபகற்பத்தில் பறவைக் காய்ச்சல் சீல்களுக்குப் பரவியது. 17,000க்கும் மேற்பட்ட யானைச் சீல்கள் இறந்தன. அங்கே அந்த ஆண்டு பிறந்த குட்டிகளில் ஏறத்தாழ எல்லாமே மாண்டன. பறவையின் நோய் சீலின் நோயாக மாறியது என்றால், கடலும் கரையும் வானமும் வேறு வேறு என்று நாம் பிரித்து நினைக்க முடியாது.

கடைசியாக உங்களிடம் இரண்டு வேண்டுகோள். என்றாவது கடற்கரைக்குச் சுற்றுலா போகும்போது ஒரு சீல் கரையில் படுத்திருந்தால், அது செத்துக்கொண்டிருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். சீல்கள் ஓய்வெடுக்கவும் தோல் உரிக்கவும் கரைக்கு வரும். அதைக் கடலுக்குள் தள்ளவோ, பக்கத்தில் போய்ப் படம் எடுக்கவோ வேண்டாம். பெரியவர்களிடம் சொல்லி வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

மற்றது, கண்டியிலேயே செய்யக்கூடியது. ஒரு சனிக்கிழமை காலையில் கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொண்டு வாவிக் கரைக்கோ வயல் வரம்புக்கோ பெரியவர் ஒருவரோடு போங்கள். ஒரே ஒரு சின்னக் கொக்கைத் தெரிவு செய்து, எட்ட நின்று, கால் மணி நேரம் பாருங்கள். எத்தனை முறை கொத்தியது, எத்தனை முறை மீன் அகப்பட்டது, காலை ஆட்டியதா என்று குறியுங்கள். எழுதியதை எங்களுக்கு அனுப்பி வையுங்கள்.